சூரியனை நம்பாத காவல்காரன்

கண்ணாடிக் கடைக்குள் நுழைகிறவர்கள் முன்பக்கத்தோடு திரும்பிவிடுவார்கள். ஆளுயர நிலைக்கண்ணாடி, வரிசையாகப் பிரேம்கள், பல் தெரியச் சிரிக்கும் விளம்பர முகங்கள், எல்லாம் அங்கேதான். பின்னால் ஒரு திரை தொங்கும். திரைக்குப் பின்னால் லென்ஸ் தேய்க்கும் மெஷின், பிரேமை இளக்குவதற்குச் சூடான காற்று ஊதும் பெட்டி, கடுகு அளவுத் திருகுகள் நிறைந்த டப்பா, ஒரு மேசை விளக்கு. அந்த விளக்குக்குக் கீழே தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் கண்ணாடியக்கா. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாளோ மாட்டாளோ, தெரியாது. கடையிலும் தெருவிலும் சபையிலும் அவள் கண்ணாடியக்காதான்.

வேலையில் அவளிடம் ஒரு குறை சொல்ல முடியாது. லென்ஸின் நடுப்புள்ளி கண்ணின் பாப்பாவுக்கு நேராக நிற்க வேண்டும். மயிரிழை விலகினாலும் போட்டவருக்குத் தலைவலி, தலைவலி வந்தவர் நேராக வந்து கத்துவது முதலாளியிடம், முதலாளி கத்துவது இவளிடம். அதனால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் புள்ளி வைப்பாள். ஆனால் மதியம் சாப்பிட்ட பிறகு, கடையில் ஈ காக்கை இல்லாத நேரம் ஒன்று வரும் பாருங்கள், அப்போது மேசை இழுப்பறையிலிருந்து ஒரு புத்தகம் வெளியே வரும். அதோடு அக்கா ஊரில் இல்லை.

என்ன புத்தகம் என்று கேளுங்கள். பேய், டிராகன், விண்கலம், சூனியக்காரி, காணாமல்போன பிணம்! பெரிய பதிப்பகம் எதுவும் சீந்தாத கதைகள். எழுதியவர்களே கைக்காசைப் போட்டு அச்சடித்து, சொந்தக்காரர்கள் தலையில் கொஞ்சம் கட்டி, மிச்சத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருக்கும் புத்தகங்கள். இத்தனைக்கும் அக்கா பரம பக்தி. ஞாயிறு ஆராதனையில் முதல் பெஞ்சு. சபையின் போதகர் வேறு யாருமில்லை, அவளுடைய கூடப்பிறந்த தம்பி. அவன் வீட்டு மாடியில்தான் அவள் குடியிருக்கிறாள். ஆலயத்தில் அவனை "ஐயா" என்பாள், சமையலறையில் "டேய்" என்பாள்.

"ஏங்க்கா இந்தப் பேத்தலையெல்லாம் படிக்கிற?" என்று தம்பி கேட்டபோது அவள் சொன்ன பதிலை இன்றைக்கும் சபையில் சொல்லிச் சிரிப்பார்கள்.

"பைபிள்ல கழுதை பேசினதை நம்பறவ நான். டிராகன் பேசினா மட்டும் காதைப் பொத்திக்கணுமாடா?"

பல ஊர்களுக்குப் போகிற சபைப் பத்திரிகைக்குத் தம்பிதான் ஆசிரியர். கடைசிப் பக்கத்துக்கு மேட்டர் கிடைக்காமல் திண்டாடிய ஒரு மாதம், "நல்ல புத்தகம் எதையாவது பத்தி எழுதிக் குடேன்" என்று அக்காவிடம் வாயைக் கொடுத்தான். அவள் எழுதிக் கொடுத்தது ஒரு பேய்க்கதையைப் பற்றி. படித்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். ஆனால் அச்சகம் காத்திருந்தது. வேறு வழியில்லாமல் போட்டான். அடுத்த வாரமே முன்பெஞ்சுப் பெரியவர்கள் இரண்டு பேர், அந்தப் புத்தகம் எங்கே கிடைக்கும் என்று குரலைத் தணித்து விசாரித்தார்கள். அன்றிலிருந்து அந்தப் பக்கம் அக்காவுக்கு.

அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. புத்தகத்தைத் திறப்பதற்கு முன் அட்டைமேல் உள்ளங்கையை வைத்து ஒரு ஜெபம். தனக்காக இல்லை, எழுதினவருக்காக. "ஆண்டவரே, இதை எழுதின மனுஷன் எத்தனை ராத்திரி தூக்கம் கெட்டிருப்பாரோ, அவரை நான் அநியாயமாப் பேசாம பாத்துக்கும்." பிறகு படிப்பாள். விமர்சனத்தின் கடைசியில், வீட்டில் யார் கையில் கொடுக்கலாம் என்று முடிவுபண்ண ஒரு சின்னக் குறிப்பு. 'ரத்தம்: ஒரு வாளி. மந்திரம்: உண்டு, பலிக்கவில்லை. கெட்ட வார்த்தை: ஏழு, அதில் நான்கு நியாயமானவை. படுக்கையறை: எட்டிப் பார்க்கவில்லை, ஆசிரியருக்கு நன்றி.' இதற்கெல்லாம் கீழே ஒரு கேள்வி, எப்போதும் ஒரே கேள்வி. 'புத்தகத்தை மூடியபோது அறையில் வெளிச்சம் கூடியதா, குறைந்ததா?'

வினையே அந்தக் கேள்விதான், பிறகு சொல்கிறேன்.

படித்த கதை அவளை அத்தனை சீக்கிரம் விடாது. வேலை முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது அக்கா தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வாள். அவளுக்குக் கிட்டப்பார்வை, நல்ல பவர். கண்ணாடியைக் கழற்றியதும் தெரு விளக்குகள் ஊதிப் பெருத்து மிதக்கும், ஆட்கள் விளிம்பு கரைந்து நடப்பார்கள், பழக்கடைக் குவியல்கள் நிறமாக மட்டும் நிற்கும். அப்புறம் என்ன, பேருந்து நிறுத்தத்தின் கூரைமேல் டிராகன் இறக்கையை மடக்கிப் படுத்திருக்கும். மருந்துக் கடைக்காரர் மூன்றாவது கிரகத்தின் தூதராகி அவளுக்குத் தலையசைப்பார். ஒருமுறை சாக்கடை மூடியில் இடறி விழப்போனாள், அப்போதும் கண்ணாடியைப் போட்டுக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை.

லிஃப்ட்காரருடைய புத்தகங்கள் வந்த பிறகு இந்தக் கிறுக்கு இன்னும் முற்றிப்போனது.

லிஃப்ட்காரர் என்றால் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். உயரமான கட்டடங்களின் குழிக்குள் இறங்கி கேபிளுக்கு மசகு போடுகிறவர். கடலையே கண்ணால் பார்க்காத அந்த மனிதர் கடலுக்கு அடியில் ஒரு நகரத்தை எழுதினார். ஐந்து பாகம் எழுதுவதாகத் திட்டம். அந்த நகரத்தில் யாருக்கும் சூரியன் தெரியாது. மேலே சூரியன் என்று ஒன்று இருப்பதாகச் சிலர் கிசுகிசுப்பார்கள், மற்றவர்கள் சிரிப்பார்கள். நகரத்தின் வாசலில் ஒரு காவல்காரன். அவனுடைய மகள் சூரியனை நம்பிவிடுகிறாள், மேலே போகப் புறப்படுகிறாள். "போனா போனதுதான். இந்தக் கதவு உனக்குத் திறக்காது" என்று சொல்லிக் காவல்காரன் தாழ்ப்பாளைப் போடுகிறான். முதல் பாகம் அதோடு முடிந்தது.

'வெளிச்சம் குறைந்தது' என்று எழுதினாள் அக்கா. 'ஆசிரியருக்கு இருட்டை நன்றாகத் தெரியும். மற்றதை இனிமேல்தான் பழக வேண்டும்.'

பத்திரிகை வெளியான கையோடு மசகு படிந்த விரல்களுடன் ஒருவர் கடைக்கு வந்து, வாசிக்கிற கண்ணாடி வேண்டும் என்றார். அளவெடுக்க அக்கா எதிரே உட்கார்ந்ததும் பொரிந்து தள்ளிவிட்டார்.

"நாள் பூரா லிஃப்ட் குழிக்குள்ள நிக்கறவன் நான். இருட்டு எனக்குத் தெரியாம உங்களுக்கா தெரியும்?"

"அதைத்தானே அண்ணே நானும் எழுதியிருக்கேன்? தலையை ஆட்டாம உக்காருங்க, புள்ளி விலகுது" என்றாள் அக்கா.

சண்டை போட வந்தவர் தேநீர் குடித்துவிட்டுப் போனார். அப்புறம் ஒவ்வொரு பாகம் அச்சானதும் முதல் பிரதி அவளுக்குத்தான். சாமி உண்டா இல்லையா என்று அவள் ஒருமுறை அவரிடம் கேட்டுப் பார்த்தாள். "அது என் வேலை இல்லைம்மா. கேபிள் அறாம இருக்கணும், அது என் வேலை" என்று சொல்லிவிட்டார். மூன்றாம் பாகம் படித்த வாரம் முழுக்க அக்காவின் தெரு தண்ணீருக்கு அடியில் இருந்தது. ஆட்கள் மெதுவாக மிதந்து போனார்கள். துணிக்கடையின் திரைகள் பாசியாக அசைந்தன. தலைக்குமேல் எங்கேயோ வெகு உயரத்தில் ஏதோ மங்கலாக மினுங்கியது. அது சூரியனா வெறும் தெருவிளக்கா என்று அவளால் சொல்ல முடியவில்லை, சொல்ல விருப்பமும் இல்லை.

நான்காம் பாகத்துக்குப் பிறகு லிஃப்ட்காரர் புத்தகத்தைப் பக்கவாட்டில் பிடித்து, தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணால் படிக்க ஆரம்பித்தார். நேராகப் பார்த்தால் எழுத்தின் நடு காணாமல் போகிறது என்றார். அக்கா மேசை விளக்கைத் திருப்பி அவர் கண்ணை உற்றுப் பார்த்தாள். இந்த மாதிரிக் கண்களை அவள் பார்த்திருக்கிறாள். எந்த லென்ஸும் உதவாது. கண் டாக்டரும் அதையே சொன்னார். ஐந்தாம் பாகத்தை லிஃப்ட்காரர் கணினியில் எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, ஒரு திரைக்கு நான்கு சொல் என்று எழுதி முடித்தார். அச்சுக்குப் போகுமுன் கட்டுக் காகிதத்தைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தார்.

"இதுதான் கடைசி. இனிமே எழுத முடியாது. இந்தத் தடவை உங்க கேள்விக்குப் பதில் 'கூடியது'ன்னு வரும், பாருங்க" என்றார்.

அக்கா உள்ளங்கையை வைத்து ஜெபித்துவிட்டு மாடியில் உட்கார்ந்து படித்தாள். ஆகா, என்ன எழுத்து! நீரின் கனம், கதவின் துரு, காவல்காரனின் முட்டிவலி, எல்லாம் அவள் உடம்புக்குள் வந்து உட்கார்ந்தன. கடைசி அத்தியாயம் வந்தது. திடீரென்று கடல் பிளக்கிறது. சூரியன் இறங்குகிறது. ஆயுசு முழுக்க அதை நம்பாத காவல்காரன் முழங்கால் போட்டுக் கண்ணீர் வடித்து ஒரு பாட்டும் பாடுகிறான். மகள் ஓடி வந்து கட்டிக்கொள்கிறாள். சுபம்.

வாயில் கல் கடிபட்ட மாதிரி இருந்தது அக்காவுக்கு. இந்த ஆள் இப்படிப் பேசமாட்டானே! இந்தப் பேச்சை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று யோசித்தாள், யோசித்ததும் முகம் சுட்டது. எல்லாம் அவளுடைய வாக்கியங்கள். அவள் கடைசிப் பக்கத்தில் வருஷக்கணக்காக எழுதியவற்றைப் பொறுக்கி எடுத்துக் காவல்காரன் வாயில் வைத்திருந்தார் மனிதர். அப்போதுதான் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக அவளுக்கு உறைத்தது. போன மாதம் ரத்தம் குடிக்கிற ஒரு பேய் கடைசிப் பக்கத்தில் ஞானஸ்நானம் எடுத்தது. அதற்கு முந்தின மாதம் ஒரு விண்கலத் தலைவர் ஞானப்பாட்டு பாடிக்கொண்டே செத்தார். 'கூடியது, கூடியது' என்று எழுதி உச்சி குளிர்ந்தவள் யார்? இவள்தான். எழுதுகிறவர்கள் அவளுக்கென்று பல்பு மாட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

தம்பி காகிதக் கட்டை ஒரே மூச்சில் படித்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

"அக்கா, முட்டி போட்டுட்டான் பாத்தியா! இதை அட்டைப்படத்தோட முன்பக்கத்துலயே போடறேன்."

"பொய்யா இருக்குடா."

"மனந்திரும்பறது பொய்யா?"

"மனந்திரும்பினா நான் குதிப்பேன். இவன் திரும்பலை, திருப்பி வெச்சிருக்காங்க" என்றாள் அக்கா.

தம்பி மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அக்காவின் பேய்க்கதைகளை ஒன்றுவிடாமல் யாருக்கும் தெரியாமல் படிக்கிறவள் அவள். "எனக்கும் அந்த இடத்துல கொட்டாவி வந்துச்சு அண்ணி" என்று சொல்லிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

கடை விடுமுறை நாளில் அக்கா லிஃப்ட்காரரைத் தேடிப் போனாள். ஊரிலேயே உயரமான கட்டடத்தின் மொட்டைமாடியில், மோட்டார் அறையில் இருந்தார். வேலையிலிருந்து நிற்கப் போகிறவர், தன் இடத்துக்கு வரும் புது ஆளுக்காக எல்லாவற்றையும் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார். பெரிய சக்கரம் ஒன்று முனகிக்கொண்டே சுற்றி நிற்கும், மறுபடி சுற்றும். கேபிள்கள் தரையிலிருந்த துவாரம் வழியாக இருட்டுக்குள் இறங்கின. கீழே யார் யாரோ ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள், இங்கே அவர்களுடைய பாரம் மட்டும் வந்து போயிற்று. கொஞ்ச நேரம் வந்த காரியத்தை மறந்து அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு சொன்னாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். "கடைசி அத்தியாயம் உங்களோடது இல்லை அண்ணே. என்னோடது. அதை எடுத்துடுங்க."

லிஃப்ட்காரர் கையிலிருந்த துணியைக் கீழே எறிந்தார்.

"நாலு பாகத்துக்கும் வெளிச்சம் பத்தலை, வெளிச்சம் பத்தலைன்னீங்க. இப்ப சூரியனையே இறக்கிக் குடுத்தா அதுவும் வேணாங்கறீங்க. என்னம்மா நினைச்சுட்டிருக்கீங்க நீங்க? எனக்குக் கண்ணு போய்ட்டிருக்கு. இன்னொரு தடவை எழுத எங்க போவேன்?"

"நான் கேட்டதே தப்பு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். முகத்தைத் திருப்பி ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தார்.

"எனக்கு ஒரு பொண்ணு இருக்கா" என்றார். "உங்க சபை மாதிரி ஒரு சபையில சேந்துட்டா. எனக்கு ஆத்திரம் தாங்கலை. வெளிய போன்னுட்டேன். போய்ட்டா. கூப்பிட்டா போனை எடுக்கறதில்லை, வீடு மாறிட்டா, எங்கேன்னு தெரியாது. ஆனா உங்க பத்திரிகையை மட்டும் விடாம படிக்கிறாளாம், சொந்தக்காரங்க சொன்னாங்க. நான் எழுதினா தொடமாட்டா. நீங்க நல்லா எழுதினா படிப்பா. அதுக்குத்தாம்மா முட்டி போட வெச்சேன். இப்ப சொல்லுங்க, எடுத்துடட்டுமா?"

சக்கரம் சுற்றி நின்றது. அக்கா துவாரத்துக்குள் இறங்கும் கேபிளைப் பார்த்தாள். பேசாமல் 'கூடியது' என்று எழுதிக் கொடுத்தால் என்ன குறைந்துபோகும்? ஒரு பெண் அப்பாவிடம் வருவாள். ஆண்டவரேகூடக் கண்டுகொள்ளாமல் விடலாம். அவள் வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் பொய்யைப் பார்த்து வருகிற பெண், அது பொய் என்று வாசற்படியிலேயே கண்டுபிடித்துவிட்டால்? அப்புறம் அந்த மனிதருக்கு என்ன மிஞ்சும்?

"முதல்ல வேற மாதிரி எழுதியிருந்தீங்க, இல்லையா?" என்றாள்.

அவர் கீழே கிடந்த துணியை எடுத்து மடித்தார். "ஆமா" என்றார் பிறகு. "அதுல ஒண்ணுமே நடக்காது. காவல்காரனுக்கு வயசாயிடுது. சூரியனைப் பத்தி யாராவது பேசினா அப்பவும் சிரிக்கத்தான் செய்வான். ஒருநாள் தாழ்ப்பாளைக் கழட்டி ஆழத்துல போட்டுடறான். ஏன்னு கேக்கறாங்க. 'சூரியன் இருக்கோ இல்லையோ, அவ வர்ற வழியில தாழ்ப்பாள் இருக்கக் கூடாது'ங்கறான். கதவு பக்கத்துல போய் உக்காந்துக்கறான். அவ்வளவுதான். மக வந்தாளான்னுகூட எழுதலை. எனக்குத் தெரியாதே."

அக்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைக்கத் துடைக்க ஈரம் போகவில்லை.

"இதை அச்சடிங்க அண்ணே."

"இதுல சாமியே இல்லையேம்மா."

"அதை எங்கிட்ட விடுங்க. உங்க வேலை கேபிள் அறாம பாத்துக்கறது."

அந்தப் பழைய முடிவை அவரிடமிருந்து வாங்கி வந்து படித்து, அன்று சாயங்காலமே விமர்சனத்தை எழுதினாள். 'காவல்காரன் கடைசிவரை சூரியனை நம்பவில்லை. நான் நம்புகிறேன். அவன் நம்பியிருந்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். ஆனால் நம்பாத ஒருவன் தன் மகளுக்காகத் தாழ்ப்பாளைக் கழற்றியதைப் படித்தபோது, நம்புகிற நான் யார் யாருக்குத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். கூடியதா குறைந்ததா என்ற கேள்வியை இனிமேல் கேட்கமாட்டேன். ரத்தம்: இல்லை. கெட்ட வார்த்தை: ஒன்று, அது எனக்கே வாயில் வந்தது.'

தம்பி படித்துவிட்டுத் தலையில் கைவைத்தான். "இதைப் போட்டா பெரியவங்க என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்க. கடைசியிலகூட நம்பாதவனைப் புகழ்ந்து எழுதியிருக்கே."

"போடு. இல்லேன்னா பக்கத்தை வேற யாருக்காவது குடுத்துடு."

போட்டான். பெரியவர்கள் உண்டு இல்லை என்று ஆக்கவும் செய்தார்கள். அடுத்த மாதத்திலிருந்து கடைசிப் பக்கத்தில் உடல்நலக் குறிப்புகள் வர ஆரம்பித்தன. அக்கா இரண்டு நாள் சாப்பாட்டில் கைவைக்கவில்லை. அந்தப் பக்கம் அவளுக்கு உயிர். இல்லை என்று சொன்னால் அது பொய்.

அதன் பிறகு ஒரு மதியம், கடையில் ஆள் இல்லாத நேரம், ஒரு பெண் வந்து திரையை விலக்கினாள். கையில் மடித்த பத்திரிகை.

"கண்ணாடியக்கா நீங்கதானே?" என்றாள். "இந்தப் புத்தகத்துல தாழ்ப்பாளைக் கழட்டினது நெஜமா? இல்ல, நீங்களா அழகுக்குச் சேத்ததா?"

அக்காவுக்கு யாரென்று புரிந்துவிட்டது. தலையைச் சாய்த்துப் பார்க்கும் விதம் அப்படியே இருந்தது.

"நெஜம்" என்றாள்.

"கடைசியில சூரியனை நம்பிட்டார்னு எழுதியிருந்தா நான் வந்திருக்கவே மாட்டேன். அது எங்கப்பா இல்லை. என்னை வரவைக்க யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்கன்னு நினைச்சிருப்பேன்." அவள் பத்திரிகையை இன்னும் சின்னதாக மடித்தாள். "கடைசிவரைக்கும் நம்பலைன்னு போட்டிருந்தீங்களே, அதைப் படிச்சதும் அடையாளம் தெரிஞ்சுபோச்சு."

முதலாளியிடம் சொல்லிக்கொள்ளக்கூடத் தோன்றாமல் அக்கா அவளைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். லிஃப்ட்காரர் குடியிருந்தது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடி. படியேறும்போது அக்காவுக்கு மூச்சு வாங்கியது, அந்தப் பெண்ணுக்கு அதைவிட அதிகமாக வாங்கியது. கதவைத் தட்டியதும் அவர் வந்து திறந்தார். நடுவில் ஒன்றும் தெரியாத கண்களால் வாசலில் நின்ற உருவத்தைப் பார்த்தார், முகத்தைத் திருப்பி ஓரக்கண்ணால் பார்த்தார். நாற்காலியில் இருந்த துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டுவிட்டு, உட்காருவதற்கு இடம் பண்ணிக் கொடுத்தார்.

அவள் உட்கார்ந்தாள். மேசைமேல் இருந்த புத்தகங்களில் முதல் பாகத்தை எடுத்தாள்.

"இதையெல்லாம் இப்பவும் எடுத்துப் படிப்பீங்களா?" என்றாள்.

"முடியலைம்மா. எழுத்து தெரியலை."

அவள் பக்கங்களைப் புரட்டி அந்தப் பாகத்தின் கடைசி அத்தியாயத்துக்குப் போனாள், வாய்விட்டு வாசிக்க ஆரம்பித்தாள். அக்கா சுவரில் சாய்ந்து நின்றாள். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது, ஆனாலும் அந்தச் சின்ன அறை மெல்ல நீருக்குள் இறங்கியது. வாசற்கதவு, துரு, மேலே எங்கோ மினுங்கும் ஏதோ ஒன்று. மகள் புறப்படுகிற கட்டம் வந்தது. கதையில் அந்தப் பெண் நிமிர்ந்து நின்று சூரியனைப் பற்றி நீளமாக, கம்பீரமாகப் பேசிவிட்டுப் போகிறாள். வாசிப்பு அங்கே நின்றுபோயிற்று.

"நான் இப்படியெல்லாம் பேசலையே அப்பா."

"பின்ன என்ன பேசின?"

"ஒண்ணும் பேசலை. வெளிய நின்னு அழுதுட்டிருந்தேன். ரொம்ப நேரம்."

லிஃப்ட்காரர் அவள் குரல் வந்த பக்கம் கையை நீட்டினார். கை புத்தகத்தில் பட்டது, அதைத் தாண்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

"எனக்குக் கேக்கலைம்மா" என்றார். "நான் கதவைச் சாத்திட்டேனே."